விதி சரி, பொதி மட்டும் கடக்கவில்லை: வாஷி வழியாக ஒரு தொழில்நுட்ப வரலாறு

2006 ஜூலை 11 மாலை மும்பையின் மேற்கு ரயில் தடத்தில் ஏழு குண்டுகள் வெடித்தன. காயமுற்றோரையும் காணாமற்போனோரையும் பற்றிய செய்திகளைத் தொகுத்துத் தரும் பணியில் இறங்கியவற்றுள் 'மும்பை ஹெல்ப்' என்ற வலைப்பூவும் ஒன்று. முந்தைய ஆண்டின் பெருவெள்ளத்தின்போது தன்னார்வலர்கள் பிளாக்ஸ்பாட்டில் தொடங்கியது அது. ஒரு வாரம் ஆவதற்குள் அந்த வலைப்பூ இந்தியாவில் பலருக்குத் திறக்கவில்லை. அதைத் தடை செய்யுமாறு எவரும் ஆணையிட்டிருக்கவில்லை. தொலைத்தொடர்புத் துறை இணையச் சேவை நிறுவனங்களுக்கு அனுப்பிய பட்டியலில் இருபதுக்கும் குறைவான பக்கங்களே இருந்தன. ஆனால் நிறுவனங்கள் பிளாக்ஸ்பாட், டைப்பேட், ஜியோசிட்டீஸ் ஆகிய தளங்களை முழுமையாக அடைத்துவிட்டன.

இந்நிகழ்வை ஊடகங்கள் அன்று பேசிய விதம் இருவகைப்பட்டது. அரசின் கெடுபிடி என்றனர் சிலர். சேவை நிறுவனங்களின் அறியாமை என்றனர் வேறு சிலர். இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் ஓர் அரசாணை கணினிக் கட்டளையாக மாறும் இடத்தில் என்ன நிகழ்கிறது என்பதை இவ்விரு விளக்கங்களும் தொடுவதில்லை. ஆணை 'பக்கம்' என்கிறது. விதி எழுதப்படும் கருவிக்குப் 'பக்கம்' என்றொரு பொருளே தெரியாது. அதற்குத் தெரிந்தது பொதி ஒன்றுதான். இந்த இடைவெளிக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அது 1980களின் யுனிக்ஸ் கணினிகளில் தொடங்கி, வாஷி ரயில் நிலையத்தின் மேல்மாடிகள் வரை வருகிறது.

இணையத்தில் செல்லும் ஒவ்வொரு பொதியின் முகப்பிலும் அனுப்புநரின் ஐ.பி. முகவரி, பெறுநரின் ஐ.பி. முகவரி, எந்த நெறிமுறை, இரு முனைகளின் போர்ட் எண்கள் ஆகியவை இருக்கும். தீயரண் என்று தமிழிலும் ஃபயர்வால் என்று நடைமுறையிலும் வழங்கும் கருவி, தன் தொடக்க வடிவில் இந்த ஐந்து விவரங்களையே பார்த்தது. கடிதத்தைப் பிரிக்காமல் உறையை மட்டும் பார்த்துத் தரம் பிரிக்கும் அஞ்சல் ஊழியரின் வேலை அது. உறைக்குள் இருப்பதைப் பற்றி அவருக்கு எவ்வளவு நீளமான சுற்றறிக்கை அனுப்பினாலும் பயனில்லை.

தடுத்தல் என்ற சிக்கல் வருவதற்கு முன்பே கடத்தல் என்ற சிக்கல் வந்துவிட்டது. 1983இல் கலிபோர்னியாவின் பெர்க்லியிலிருந்து வெளியான 4.2பிஎஸ்டி, பல்கலைக்கழகங்களில் டிசிபி/ஐபி நெறிமுறையைப் பரவலாக்கிய யுனிக்ஸ் பதிப்பு. தனக்கு வராத பொதியைப் பிறருக்குக் கடத்திவிடும் பண்பு அதில் இருந்தது. பிணையத்தில் எல்லோருக்குமான அறிவிப்பு முகவரியை அது பூச்சியங்களால் எழுதியது. பின்வந்த நெறிப்படி ஒன்றுகளால் எழுதிய கணினிகளும் அதே கம்பியில் சேர்ந்தபோது, ஒன்றின் அறிவிப்பை மற்றொன்று புரிந்துகொள்ளவில்லை. யாருக்கோ போகவேண்டிய பொதி என்று எண்ணி ஒவ்வொரு கணினியும் அதைக் கடத்த முற்பட, ஓர் அறிவிப்பு நூறாகப் பெருகிப் பிணையமே திணறியது. பிறர் காரியத்தில் மூக்கை நுழைத்த கணினிகளால் வந்த வினை என்று சுருக்கமாகச் சொல்லலாம்.

இதற்கான பதில் 1989 அக்டோபரில் ஆர்.எஃப்.சி. 1122 என்ற ஆவணமாக வந்தது. ஒரு கணினிக்கு ஒன்றுக்கு மேற்பட்ட இடைமுகங்கள் இருக்கின்றன என்பதற்காக அது தானாகக் கேட்வேயாக மாறிவிடக் கூடாது. நிர்வாகி வெளிப்படையாகச் சொன்னால் மட்டுமே பிறர் பொதிகளைக் கடத்தலாம் என்று அது விதித்தது. இன்றும் லினக்ஸ் சர்வரை நிறுவியவுடன் பொதி கடத்தும் விசை பூச்சியத்தில் நிற்பதற்குக் காரணம் இதுவே. விதிகளையெல்லாம் பிழையின்றி எழுதியும் பொதி மறுபக்கம் போகவில்லையே என்று தவிக்கும் நிர்வாகியிடம் மூத்தவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, 'ஐபி ஃபார்வர்ட் ஒன்றா, பூச்சியமா?' என்பதுதான். முப்பதாண்டுகளுக்கு மேற்பட்ட ஒரு விபத்தின் நினைவு அந்தக் கேள்விக்குள் புதைந்திருக்கிறது.

தடுத்தலின் கதை வேறு. 1988 நவம்பர் 2 அன்று மோரிஸ் புழு ஆயிரக்கணக்கான யுனிக்ஸ் கணினிகளை முடக்கிய பிறகு, நம்பிக்கையின்மேல் கட்டிய பிணையம் போதாது என்ற உணர்வு பரவியது. மறு ஆண்டு, டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் ஜெஃப் மோகுல், யுனிக்ஸ் கேட்வேயில் ஒவ்வொரு பொதியையும் விதிப்பட்டியலோடு ஒப்பிட்டுக் கடத்தவோ கைவிடவோ செய்யும் 'ஸ்கிரீன்டி' என்ற நிரலை விவரித்தார். பில் செஸ்விக்கும் ஸ்டீவன் பெலோவினும் 1994இல் வெளியிட்ட நூல் தீயரண் என்ற கருத்தை ஒரு துறையாகவே நிறுவியது. ஆயினும் தடுப்புக் கருவிகளின் அளவுக்கு, பழுது காணும் கருவிகளின் வரலாறு பேசப்படுவதில்லை. மைக் மூஸ் 1983 இறுதியில் எழுதிய பிங், வான் ஜேக்கப்சனின் டிரேஸ்ரூட், லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் உருவான டிசிபிடம்ப் ஆகிய மூன்றும் இல்லாமல் எந்த விதியின் விளைவையும் கண்ணால் காண முடியாது. விதியை எழுதுபவர் நினைப்பது ஒன்று; கம்பியில் நடப்பது மற்றொன்று. இரண்டுக்கும் இடையில் சாட்சி சொல்பவை இக்கருவிகள் மட்டுமே.

லினக்ஸுக்குப் பொதி வடிகட்டல் கடனாகத்தான் வந்தது. பிஎஸ்டி உலகின் ஐபிஎஃப்டபிள்யூவை ஆலன் காக்ஸ் 1994 இறுதியில் லினக்ஸுக்குக் கொண்டுவந்தார். அடுத்து யோஸ் வோஸின் ஐபிஎஃப்டபிள்யூஅட்மின். 1999இல் கர்னல் 2.2 உடன் ரஸ்டி ரஸலின் ஐபிசெயின்ஸ். 2001 ஜனவரியில் கர்னல் 2.4 உடன் ஐபிடேபிள்ஸ். பெயர் மாற்றங்களாகத் தோன்றும் இவற்றில் கடைசியது பொருளையே மாற்றியது. ஐபிசெயின்ஸ் காலத்தில், ஒரு பிணையத்திலிருந்து மற்றொன்றுக்குக் கடந்து செல்லும் பொதி உள்வரவு, கடத்தல், வெளிச்செலவு ஆகிய மூன்று சங்கிலிகளையும் தாண்டவேண்டும். ஆகவே உள்வரவுச் சங்கிலியில் ஒரு தடை எழுதினால் அது சர்வரையும் காத்தது, அதன் பின்னால் இருந்த அலுவலகத்தையும் காத்தது. ஐபிடேபிள்ஸில் அப்படியன்று. கடந்து செல்லும் பொதி கடத்தல் சங்கிலியை மட்டுமே பார்க்கும். உள்வரவுச் சங்கிலி சர்வருக்கே வரும் பொதிகளுக்கு உரியது.

பழைய விதிகளைப் புதிய இலக்கணத்தில் சொல்லுக்குச் சொல் மாற்றி எழுதியவரின் வாசல் பூட்டியே இருந்தது. கொல்லைப்புறம் திறந்து கிடந்தது. பிழைச்செய்தி எதுவும் வராது. சொற்கள் அதேதான், அவை ஆளும் நிலம் மட்டும் சுருங்கிவிட்டது. சட்ட வரலாற்றைப் பயில்வோருக்கு இது புதிதாக இராது: ஒரே சட்டச்சொல் எல்லை மாறிய ஆட்சிப்பரப்பில் வேறு பொருள் தருவது காலனியகால ஆவணங்களில் அன்றாடக் காட்சி.

மற்றொரு இடறல், முகவரி மாற்றம் நிகழும் வரிசை. வெளியிலிருந்து பொது முகவரிக்கு வரும் பொதியை உள்ளிருக்கும் வேறொரு கணினிக்குத் திருப்பிவிடும்போது, அந்த மாற்றம் கடத்தல் சங்கிலிக்கு முன்பே முடிந்துவிடுகிறது. எனவே கடத்தல் விதியில் உள்முகவரியையே குறிப்பிடவேண்டும். பொது முகவரியைக் குறிப்பிட்ட விதி இலக்கணப்படி சரியானது. ஆனால் எந்தப் பொதியும் அதைத் தொடாது. விதியின் எதிரே உள்ள எண்ணி பூச்சியத்திலேயே நிற்கும். அனுபவமுள்ளவர்கள் விதிகளை மீண்டும் மீண்டும் படிப்பதில்லை. எண்ணிகளைப் பார்க்கிறார்கள், பிறகு இரண்டு இடைமுகங்களிலும் டிசிபிடம்ப்பை ஓடவிட்டு, உள்ளே வந்த பொதி வெளியே போயிற்றா, போனது திரும்பியதா என்று பார்க்கிறார்கள். சுவடியியலில் மூலபாடத்தை விட்டுவிட்டு உரையை மட்டும் திருத்திக்கொண்டிருப்பது எவ்வளவு வீணோ, பொதியைப் பாராமல் விதியைத் திருத்துவதும் அவ்வளவு வீண்.

இந்தியாவில் இந்த வரலாறு மும்பையில் இரு கிளைகளாகத் தொடங்குகிறது. ஒன்று கல்விக் கிளை. டாடா அடிப்படை ஆய்வு நிறுவனத்திலிருந்து பிரிந்து 1985இல் உருவான தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம், சீனிவாசன் ரமணியின் தலைமையில் ஜுஹூவில் இயங்கியது. எர்நெட் என்ற கல்விப் பிணையத்தின் வெளிநாட்டு நுழைவாயில் அங்கேதான் இருந்தது. தொலைபேசி இணைப்பில் யுயுசிபி முறையில் மின்னஞ்சலைச் சேமித்துவைத்து, நேரம் வரும்போது தள்ளிவிடும் ஏற்பாடு அது. கடத்தல் என்பது அங்கு ஒரு மனிதர் அட்டவணை போட்டுச் செய்த காரியம். மற்றது வணிகக் கிளை. 1995 ஆகஸ்ட் 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகாம் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தது. தனிநபருக்கு 250 மணி நேரத்துக்கு 5,000 ரூபாய். வேகம் நொடிக்கு 9.6 கிலோபிட்.

இந்த விலைதான் லினக்ஸ் கேட்வேக்களை இந்தியத் தெருக்களுக்குக் கொண்டுவந்தது. ஓர் இணைப்பைப் பத்துக் கணினிகள் பகிர்ந்துகொள்ள வேண்டும். அதற்கான வணிகக் கருவி வாங்கக் காசில்லை. பழைய பெட்டி ஒன்று, இரண்டு பிணைய அட்டைகள் அல்லது ஒரு மோடம், பிசி குவெஸ்ட் போன்ற இதழ்களுடன் வந்த லினக்ஸ் குறுந்தகடு, 'மாஸ்கரேடிங்' என்னும் முகமூடி விதி ஒன்று ஆகியவை போதும். 1998 நவம்பரில் தனியார் சேவை நிறுவனங்களுக்குக் கதவு திறந்ததும் பிரௌசிங் சென்டர்கள் பெருகின. கருவி வரலாறுகள் கலிபோர்னியாவையும் ஹெல்சின்கியையும் பேசும் அளவுக்கு இந்தப் பெட்டிகளைப் பேசுவதில்லை. பெரும்பான்மை இந்தியர்களின் முதல் இணையப் பொதி இப்படிப்பட்ட ஒரு மேசைக்கடியிலிருந்து புறப்பட்டிருக்க வாய்ப்பு மிகுதி.

விதேஷ் சஞ்சார் நிகாம் ஒரே வாயிலாக இருந்த காலத்தில் தடுப்பதும் எளிதாக இருந்தது. தொலைபேசி வருவாயைக் காக்க, இணையவழிப் பேச்சுக்கான சில தளங்களை அது அடைத்தது. டெல்லி உயர்நீதிமன்றத்தில் அருண் மேத்தா அதை எதிர்த்து வழக்காடினார். இணையத் தொலைபேசி சட்டபூர்வமானது 2002 ஏப்ரல் 1 அன்றுதான். 1999 கார்கில் போரின்போது பாகிஸ்தானின் 'டான்' நாளிதழின் தளமும் அடைக்கப்பட்டது. பதிலி வழங்கிகள் வழியாகப் படிக்க விரும்பியோர் படித்தனர்.

வாசல்கள் பலவானபோது வேறொரு விந்தை தோன்றியது. செம்பூரில் ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர், மாட்டுங்காவில் வேறொரு நிறுவனத்தின் வாடிக்கையாளருக்கு அனுப்பிய பொதி, கடலுக்கடியில் அமெரிக்காவரை சென்று திரும்பக்கூடும். இந்திய நிறுவனங்கள் தங்களுக்குள் நேரடியாக இணையாமல் வெளிநாட்டு நிறுவனங்களிடம் மட்டும் இணைப்பு வாங்கியிருந்ததே காரணம். டிரேஸ்ரூட் ஓட்டிப் பார்த்தவர்களுக்கு இது வரிவரியாகத் தெரிந்தது. அந்தச் சுற்றுக்கு ஒவ்வொரு முறையும் டாலரில் விலை கொடுக்கப்பட்டது.

இதைத் தீர்க்கவே 2003இல் இந்தியத் தேசிய இணையப் பரிமாற்றகமான நிக்ஸி தொடங்கப்பட்டது. நொய்டா, மும்பை, சென்னை, கொல்கத்தா ஆகிய முதல் நான்கு முனைகளும் எஸ்.டி.பி.ஐ. எனப்படும் மென்பொருள் தொழில்நுட்பப் பூங்கா அமைப்பின் இடங்களில் அமைந்தன. மும்பை முனை அமைந்தது வாஷியில். ஹார்பர் தடத்தில் செம்பூர், மான்கூர்ட் கடந்து, தானே கழிமுகப் பாலத்தைத் தாண்டியவுடன் வரும் முதல் நிலையம் வாஷி. 1992இல் ரயில் வந்த அந்நிலையத்தின் மேலேயே நகர அமைப்பு நிறுவனமான சிட்கோ எழுப்பிய சர்வதேச இன்ஃபோடெக் பூங்காவில் எஸ்.டி.பி.ஐ. இருந்தது. தீவை விட்டு வெளியேறும் தமிழர் குடும்பங்கள் பல வந்திறங்கிய அதே நடைமேடைகளுக்கு மேல், நாட்டின் பொதிகளுக்கு ஒரு சந்திப்பு நிலையம்.

பரிமாற்றகத்தில் கம்பி சேர்ந்ததால் மட்டும் பொதி மாறிச் செல்லாது. எந்தெந்த முகவரிகளுக்குத் தன்வழி வரலாம் என்று ஒவ்வொரு நிறுவனமும் அறிவிக்கவேண்டும். நிக்ஸியின் தொடக்க விதிப்படி அவ்வட்டார முகவரிகளை மட்டும் அறிவித்தால் போதும். மேலும், பெறும் போக்குவரத்து மிகுதியாக உள்ளவர் கொடுப்பவருக்குப் பணம் தரவேண்டும் என்ற கணக்குமுறை புகுத்தப்பட்டது. வாடிக்கையாளர் மிகுந்த பெரிய நிறுவனங்கள், அதிகம் அறிவித்தால் அதிகம் செலுத்தநேரும் என்று கணக்கிட்டு அறிவிப்புகளைச் சுருக்கின. பொறியியல் தீர்வு ஒன்றைக் கணக்குப்பிள்ளைத்தனம் பாதியில் நிறுத்திய கதை என்று இதைச் சொல்வது மிகையாகாது.

இதன் பக்கவிளைவு நேராகத் தீயரண்களைத் தாக்குவது. ஒரு பொதி வாஷி வழியாகச் சென்று, அதன் மறுமொழி வெளிநாட்டு வழியாகத் திரும்பும் நிலை ஏற்படுகிறது. இணைய நெறிமுறையில் இது குற்றமன்று. ஆனால் 2001க்குப் பிந்தைய தீயரண்கள் உரையாடலை நினைவில் வைப்பவை. முதல் பொதியைக் காணாத தீயரண், மறுமொழியை மட்டும் கண்டால் அதைச் 'செல்லாதது' என்று கைவிடும். போலி முகவரிகளைத் தடுக்க 2000ஆம் ஆண்டின் ஆர்.எஃப்.சி. 2827 பரிந்துரைத்த நுழைவுச் சோதனையைக் கண்டிப்பான வடிவில் அமைத்தாலும் இதே கதிதான்: வந்த வழியே திரும்பும் வழியாக இல்லாத பொதி ஓசையின்றி மறையும். பல இணைப்புகள் உள்ள பிணையங்களில் கண்டிப்பான சோதனை நேர்மையான பொதிகளையும் வீழ்த்தும் என்று 2004இல் ஆர்.எஃப்.சி. 3704 ஒப்புக்கொண்டது. நிர்வாகியின் விதிப்பட்டியலில் பிழையே இராது. பழுது, இரண்டு நிறுவனங்களின் பேரத்தில் இருக்கும்.

இப்பின்னணியில்தான் 2003 செப்டம்பர் நிகழ்வைப் படிக்கவேண்டும். மேகாலயாவின் தடைசெய்யப்பட்ட இயக்கம் ஒன்றோடு தொடர்புடைய 'கின்ஹுன்' என்ற யாஹூ குழுமத்தை அடைக்குமாறு தொலைத்தொடர்புத் துறை ஆணையிட்டது. சொற்ப உறுப்பினர்களைக் கொண்ட குழுமம் அது. அதன் முகவரி யாஹூ குழுமங்கள் அனைத்துக்கும் பொதுவான வழங்கியில் ஒரு துணைப்பாதை மட்டுமே, ஐ.பி. முகவரி எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். ரௌட்டரில் எழுதக்கூடிய விதி ஒன்றே ஒன்று. இந்தியாவில் யாஹூ குழுமங்கள் அனைத்தும் பல நாட்கள் இருண்டன.

மூன்றாண்டு கழித்து, 2006இல், அதே நிகழ்வு பெரிய அளவில் மீண்டும் நடந்தது. 1997இல் எச்டிடிபி 1.1 வந்தபோது, ஒரே ஐ.பி. முகவரியில் எண்ணற்ற தளங்கள் குடியிருக்க வழி ஏற்பட்டது. எந்தத் தளம் வேண்டும் என்பது உறையிலன்றிக் கடிதத்துக்குள் எழுதப்படுகிறது. பிளாக்ஸ்பாட்டின் வலைப்பூக்கள் அனைத்தும் சில முகவரிகளுக்குள் இருந்தன. கடிதத்தைத் திறந்து படிக்கும் பதிலிக் கருவிகள் அன்றும் இருந்தன, அவை விலைமிக்கவை. பெயர்த் தீர்வு அளவில் தனித்தனி வலைப்பூவை மறைப்பதும் இயன்றதே. ஆனால் உரிமம் அரசின் கையில் இருக்கும் நிறுவனத்துக்கு, குறைவாக அடைத்ததற்குத் தண்டனை உண்டு. கூடுதலாக அடைத்ததற்கு இல்லை. இந்த ஏற்றத்தாழ்வும் ஐந்து விவரங்களே அறிந்த கருவியும் சேர்ந்தபோது 'மும்பை ஹெல்ப்' அடைபட்டது. குறிப்பிட்ட பக்கங்களை மட்டுமே அடைக்கவேண்டும் என்று துறை பின்னர் நிறுவனங்களுக்கு வலியுறுத்திய பிறகே நிலை சீரடைந்தது.

அந்நாட்களின் மிக முக்கியமான ஆவணம் அரசுக் கடிதமன்று. வலைப்பதிவர்கள் தொகுத்த பட்டியல்கள். எந்த நகரில், எந்த நிறுவனத்தின் இணைப்பில், எது திறக்கிறது, எது திறக்கவில்லை என்று அவர்கள் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். காரணம் எளிது. தீயரணில் ஒரு பொதியை மறுக்க இரு வழிகள் உண்டு. ஒன்று, நிர்வாக ஆணையால் தடுக்கப்பட்டது என்று அனுப்புநருக்குத் தெரிவிப்பது. 1995இன் ஆர்.எஃப்.சி. 1812 அதற்கென்றே ஒரு குறியெண்ணை, பதின்மூன்றை, ஒதுக்கியிருக்கிறது. மற்றது, பதிலே தராமல் கைவிடுவது. பாதுகாப்பு நூல்கள் இரண்டாவதை விரும்புகின்றன, தாக்குபவருக்குத் தகவல் தராமலிருக்க. ஆனால் குடிமகனுக்கும் அதே மௌனம் கிடைக்கும்போது, கம்பி அறுந்ததா, வழங்கி படுத்ததா, அரசு தடுத்ததா என்று அவரால் பிரித்தறிய முடியாது. தடை பழுதின் வேடத்தில் வருகிறது. பழுது காணும் கலை அங்கே உரிமை கோரும் கலையாகவும் ஆகிவிடுகிறது. பட்டியலுக்கு அடுத்து அவர்கள் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்ததும் தற்செயலன்று.

2009 அக்டோபரில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவுக்கான விதிகள் நடைமுறைக்கு வந்தன. அவற்றின்படி தடை கோரிக்கைகளும் நடவடிக்கைகளும் இரகசியமாக வைக்கப்படவேண்டும். லினக்ஸ் 2014இல் என்எஃப்டேபிள்ஸுக்கு மாறத் தொடங்கியது. கடிதங்களே மறையாக்கத்துக்குள் போனபின் தளத்தின் பெயர் அளவில் தடுப்பதே வழக்கமாயிற்று. அப்போதும் பக்கம் என்ற அலகு கிட்டவில்லை. 2017 ஆகஸ்டில், திரைப்படத் திருட்டைத் தடுக்கக் கோரிய வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தளங்களை அடைக்க ஆணையிட்டது. பட்டியலில் இன்டர்நெட் ஆர்கைவும் இருந்தது. பதிப்புரிமை கடந்த தமிழ் நூல்களின் படிகளை அங்கிருந்து எடுத்துவந்த ஆய்வாளர்களுக்குத் திரையில் கிடைத்தது, தொலைத்தொடர்புத் துறையின் ஆணைப்படி தடுக்கப்பட்டது என்ற ஒற்றை வரி. எந்த ஆணை, யார் கேட்டது, எந்தப் பக்கத்துக்காக என்ற விவரம் அதில் இல்லை. தடைக்குமுன் ஆர்கைவ் நிறுவனத்துக்கும் அது தெரிவிக்கப்பட்டிருக்கவில்லை.